கல்யாணம் முடியட்டும்

வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கைதான் வர மறுத்தது. கடைசி மாதங்களில் வீங்கிப்போன கை அது. குய்ரோங், பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டையின் கைமுனை வழியாகத் தன் கையை உள்ளே விட்டு, துழாவி, தங்கையின் விரல்களைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தாள். விரல்களில் இன்னும் சூடு இருந்தது.

கட்டிலின் மறுபக்கத்தில் ஷுவாங் தாயின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"சீக்கிரம் பெரியம்மா. விறைச்சுட்டா போட முடியாதுன்னு கீழ்வீட்டு அம்மா சொன்னாங்க."

"அவசரப்படாதடி. இந்தக் கையை இழுத்தா அவளுக்கு வலிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஷுவாங் தாயின் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள்.

சூபிங்கின் உயிர் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கீழே, சிவப்புச் செங்கல் குடியிருப்பின் முற்றத்தில், அவள் கணவன் தேமிங் அக்கம்பக்கத்து ஆண்களோடு சாவுப் பந்தலுக்கு இரும்புக் குழாய்களை நிறுத்திக்கொண்டிருந்தான். மனைவியின் கண்களை மூடிவிட்டு நேரே இறங்கிப் போனவன். காலமெல்லாம் பேரிங் தொழிற்சாலையில் லேத்து முன்னால் நின்றவனுக்குக் கையில் வேலை இருந்தால்தான் நிற்க முடியும். குழாய்கள் மோதும் சத்தம் மாடிவரை கேட்டது.

காலையில் சூபிங்குக்கு நினைவு தெளிவாக இருந்தது. அக்காவைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அக்கா, மூச்சு பிடிபட மாட்டேங்குது. நீ சத்தமா விடு. நான் உன் பின்னாலயே வரேன்."

குய்ரோங் கட்டிலோரம் உட்கார்ந்து, ஆற்றங்கரைப் பூங்காவில் மூச்சுப் பயிற்சி செய்வதுபோல நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மூக்கால் இழுத்தாள். தொப்புளுக்குக் கீழே இறக்கினாள். நிறுத்தி, மெல்ல விட்டாள். சூபிங்கின் மூச்சு தட்டுத் தடுமாறி அதன் பின்னால் வந்தது. ஜன்னலில் வெயில் ஏறியது. ஒரு தடவை சூபிங் மூச்சை விட்டாள். அடுத்து அவள் இழுக்கட்டும், பிறகு நாம் இழுக்கலாம் என்று குய்ரோங் காத்திருந்தாள். நெஞ்சு வெடித்துவிடும்போல ஆகும்வரை காத்திருந்தாள். பிறகு தாங்க முடியாமல் வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். அந்த ஒரு மூச்சை இழுத்ததற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாவுச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது, நாடாக்கள்தான். ஒவ்வொன்றாக முடிந்தாள். அறுத்தெடுத்த இடது மார்பு இருந்த இடம் துணிக்கடியில் தட்டையாகத் தெரிந்தது. அவள் கை அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போனது.

அந்தக் கட்டியை முதலில் தொட்டதே அந்தக் கைதான்.

போன வருஷம் வசந்தத்தில் ஒருநாள், தொழிற்சாலைக் குளியல் கூடத்தில், எப்போதும்போல அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். குய்ரோங்கின் விரல் தங்கையின் அக்குளுக்குப் பக்கத்தில் கடலைப் பருப்புபோல எதிலோ பட்டு நின்றது.

"என்னடி இது?"

"தெரியலக்கா. வலி இல்ல. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துடறேன்."

ஆவி சூழ்ந்த அந்த இடத்தில் குய்ரோங்குக்கு அம்மாவின் சாவு நினைவுக்கு வரவில்லை. மகன் லெய்யின் கல்யாணம்தான் வந்தது. அக்டோபரில் நாள் குறித்தாகிவிட்டது. பெண்ணின் தாய் கறாரானவள். உங்கள் குடும்பத்தில் பரம்பரை வியாதி ஏதாவது உண்டா என்று முதல் சந்திப்பில், தேநீர் ஆறுவதற்குள் கேட்டவள். கல்யாணப் போர்வைகளைத் தைப்பதற்கும் மணமக்களின் கட்டிலை விரிப்பதற்கும், புருஷனும் பிள்ளையுமாக நோய்நொடியில்லாமல் இருக்கிற ஒருத்தி வேண்டும். புருஷனை இழந்த குய்ரோங் தன் சொந்த மகனின் போர்வையில் ஊசி ஏற்றக்கூடாது. சூபிங்தான் ஏற்ற வேண்டும்.

"கல்யாணம் முடியட்டும்," என்றாள் குய்ரோங்.

"அதுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்குது!"

"இப்பப் போனா கத்தி வைப்பான். கட்டுப் போட்டுக்கிட்டு வந்து நீ போர்வை தைப்பியா? அந்தப் பொம்பளை உன்னைத் தொட விடுவாளா? தேமிங்கிட்டயும் மூச்சு விடாத. அவன் உன்னைத் தூக்கிட்டு ஓடிடுவான். நாளைலேர்ந்து என்கூட பூங்காவுக்கு வா. மூச்சு ஒழுங்கா ஓடுச்சுன்னா இதெல்லாம் தானா கரைஞ்சிடும்."

சூபிங் கொஞ்ச நேரம் தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரி. உன் புள்ள கல்யாணத்தை நான் கெடுக்கல. முதுகைத் தேய்."

மறுநாளே வந்தாள். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பாங் என்பவர் லோ ஆற்றங்கரையில் ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முடிக்குக் கறுப்பு மை, உடம்புக்கு வெள்ளைப் பட்டு உடை. "காத்து ஓசிதாம்மா, கஞ்சத்தனம் பண்ணாம இழுங்க" என்பார். முழங்காலைச் சற்று மடக்கி, கைகளை வட்டமாக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்ததுபோல எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். சூபிங்குக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நன்றாகத் தூக்கம் வருகிறது, உள்ளங்கை சுடுகிறது என்றாள். மூச்சை வெளியே விடும்போதெல்லாம் கட்டி கொஞ்சம் தேய்வதாக நினைத்துக்கொள் என்று குய்ரோங் அவள் காதோடு சொல்லிக் கொடுத்தாள். அப்படி எதையும் பாங் மாஸ்டர் சொல்லித் தந்ததே இல்லை.

கோடையில் ஒருநாள், சூபிங்கின் இடது கை பாதிக்குமேல் உயரவில்லை என்பதை அவர் பார்த்துவிட்டார். துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் முகம் மாறியது.

"இது என் வேலை இல்லம்மா. இருக்கற உடம்பை நல்லா வச்சுக்கத்தான் இந்த மூச்சு. கட்டிக்கு ஆஸ்பத்திரிதான். இன்னைக்கே போங்க."

"கல்யாணம் முடியட்டும்னு அக்கா சொல்லுது மாஸ்டர்," என்றாள் சூபிங்.

அவர் குய்ரோங்கைத் திரும்பிப் பார்த்தார். குய்ரோங் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள். "என்ன மாஸ்டர், உங்களுக்கே உங்க மூச்சு மேல நம்பிக்கை இல்லையா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். பாங் மாஸ்டரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

சூபிங் சிவப்புப் போர்வைகளைத் தைத்தாள். கல்யாணக் கட்டிலில் பேரீச்சையும் வேர்க்கடலையும் தூவி விரித்தாள். பெண்ணின் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ராசியான கை என்றாள். எல்லாம் முடிந்து, குளிர் வந்த பிறகுதான் சூபிங் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இத்தனை மாசமா என்ன பண்ணினீங்க என்று மருத்துவர் தேமிங்கின் எதிரிலேயே கத்தினார். "பூங்காவுல மூச்சுப் பயிற்சி செஞ்சேன்," என்றாள் சூபிங். அவ்வளவுதான் சொன்னாள். தேமிங்குக்கு அது போதுமாக இருந்தது.

போன வாரம், கணவன் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அவள் அக்காவிடம் கேட்டுக்கொண்டாள். "அவர்கிட்ட எதுவும் சொல்லாத அக்கா. போறவளுக்காக இருக்கறவங்க அடிச்சுக்க வேணாம்."

குய்ரோங் உடனே தலையாட்டினாள். அவ்வளவு உடனே ஆட்டியிருக்க வேண்டாம் என்று இப்போது, கடைசி நாடாவை முடியும்போது, தோன்றியது.

மதியத்துக்குள் பந்தல் எழுந்துவிட்டது. சூபிங்கின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைந்தது. ஒரு மூலையில் பெரிய வாணலியில் முட்டைக்கோசும் பன்றியிறைச்சியும் சேமியாவும் வெந்துகொண்டிருந்தன. குய்ரோங் மண்சட்டிக்கு முன்னால் குந்தி, செத்தவர்களுக்கான காகிதப் பணத்தை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மாள் போனில் கூப்பிட்டாள்.

"கேள்விப்பட்டேன் சம்பந்தி. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு, தப்பா நினைக்காதீங்க. பேரன் பிறந்து இன்னும் ஒரு மாசம்கூட நிறையல. சாவு வீட்டுத் துணியோட குழந்தை பக்கம் வந்துடாதீங்க. லெய்யும் அங்க சாவுக்கு வர வேணாம், பச்சைக் குழந்தை இருக்கற வீடு. என்ன?"

"சரிங்க," என்றாள் குய்ரோங்.

"உங்க தங்கச்சிக்கு என்னன்னு சொன்னீங்க? உங்க அம்மாவுக்கும் அதேவா?"

"சிக்னல் சரியா இல்லைங்க," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்போதுதான் பூங்காக் கூட்டம் பந்தலுக்குள் வந்தது. வெள்ளைப் பயிற்சி உடையிலேயே வந்திருந்தார்கள். முன்னால் பாங் மாஸ்டர் ஒரு காகிதப் பூ வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நின்று இடுப்பை மடக்கி வணங்கினார். நிமிரும்போது தேமிங் அவர் எதிரில் நின்றான்.

"யார்டா உன்னை இங்க வரச் சொன்னது?"

"தேமிங், நான் கடைசியா ஒரு தடவை..."

"உன் பேச்சைக் கேட்டுத்தானே நின்னா? மரம்மாதிரி நின்னா! உள்ள அது வளந்துக்கிட்டே இருந்துச்சு, இவ நின்னுக்கிட்டே இருந்தா!" தேமிங் அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினான். பூ வளையம் கீழே விழுந்து அதன் மூங்கில் கால் முறிந்தது. "மூச்சு விடச் சொல்லி மூச்சையே நிறுத்திட்டியே!"

பூங்காக் கூட்டத்தில் இருந்த ஒரு வயதான பெண் முன்னால் வந்தாள். "தம்பி, இவர் அப்பவே அவகிட்ட..."

பாங் மாஸ்டர் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகு தலையைத் திருப்பி, மண்சட்டிக்குப் பக்கத்தில் இருந்த குய்ரோங்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவனின் பார்வை அது.

குய்ரோங் குனிந்து இன்னொரு கட்டுக் காகிதத்தைப் பிரித்து நெருப்பில் போட்டாள். புகை கண்ணில் ஏறியது. மறுபடி நிமிர்ந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"விட மாட்டேன்," என்றாள் ஷுவாங், தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. "நாளைக்கு அம்மாவை எடுத்ததும் போலீசுக்குப் போறோம்பா. அவன் படத்தையும் இன்டர்நெட்டுல போடறேன். இன்னொருத்தர் அம்மா சாகக்கூடாது. இல்லையா பெரியம்மா?"

"முதல்ல சாப்பிடு," என்றாள் குய்ரோங்.

பொழுது சாயும் நேரத்தில், காகிதப் பணம் தீர்ந்துவிட்டதென்று வாங்கப் போனவள், குடியிருப்பு வாசலில் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் பாங் மாஸ்டரைப் பார்த்தாள். தனியாக உட்கார்ந்து, முறிந்த மூங்கில் காலைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை உடையின் முழங்காலில் மண்.

"குப்பையில போட மனசு வரல," என்றார், அவளைப் பார்த்ததும்.

"மாஸ்டர், நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"சொல்லியிருந்தா மட்டும் நான் யோக்கியனா?" என்றார் அவர், கம்பியை முறுக்கியபடி. "ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒரு தடவை சொன்னேன். அப்புறம் கேக்கறதை விட்டுட்டேன். புதுசா வர்றவங்ககிட்ட உங்க தங்கச்சியைக் காட்டி, பாருங்க முகத்துல என்ன களைன்னு பெருமையடிச்சேன். அது காய்ச்சல்ல வந்த சிவப்பு. கொஞ்சம் யோசிச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். யோசிக்கல. நல்ல விளம்பரமா இருந்துச்சு."

"ஷுவாங் போலீசுக்குப் போறேன்னு நிக்கறா."

அவர் கை நின்றது. மை பூசிய முடிக்கு அடியில் முகம் திடீரென்று கிழடாகத் தெரிந்தது. "போனா பூங்காப் பக்கம் என்னை விடமாட்டாங்க," என்றார். பூ வளையத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "இதை நீங்க உள்ள வச்சிடறீங்களா? யார் கொண்டாந்ததுன்னு சொல்ல வேணாம்."

குய்ரோங் அதை எடுத்துப் போய், மற்ற வளையங்களுக்குப் பின்னால் வைத்தாள். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மின்தகனக் கூடத்தில் காத்திருந்தார்கள். சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். உறவுக்காரர்கள் வெளியே புகைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தேமிங்கும் ஷுவாங்கும் குய்ரோங்கும் மட்டும் இருந்தார்கள். சூபிங் உலைக்குள் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தேமிங் போனை எடுத்தான்.

"ஹலோ... ஆமாண்ணே, எடுத்தாச்சு. ஒரு உதவி. உங்க மச்சான் ஸ்டேஷன்லதானே இருக்காரு? பூங்காவுல ஒருத்தன், லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பண்றான். என் பொண்டாட்டியை..."

"வேணாம் தேமிங்."

"நீங்க சும்மா இருங்க பெரியக்கா."

"அவர் அவளை ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் சொன்னாரு."

தேமிங் போனைக் காதிலிருந்து எடுத்தான். "யார் சொன்னா?"

"நான் பக்கத்துல நின்னேன்."

"எப்ப?"

"போன வருஷம். கோடையில."

ஷுவாங் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மாவுக்கே அதுக்கு அப்புறம்தானே தெரியும்?"

"இல்லம்மா." குய்ரோங் தன் முழங்காலைப் பார்த்துப் பேசினாள். "வசந்தத்துலயே தெரியும். குளியல் கூடத்துல நான்தான் முதல்ல தொட்டுப் பாத்தேன். அவ ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா. கல்யாணம் முடியட்டும்னு நான்தான் சொன்னேன். போர்வை தைக்க ஆள் வேணும்னு சொன்னேன். தேமிங்கிட்டச் சொல்லாதன்னும் நான்தான் சொன்னேன். கரைஞ்சிடும்னு சொன்னதும் நான்தான். அவர் சொல்லல."

போனுக்குள் யாரோ ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தேமிங் அதை அணைத்தான். அவன் எழுந்து அடிப்பான் என்று குய்ரோங் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவன் எழவில்லை.

"போர்வை தைச்ச நாள்ல," என்றான் கடைசியில், யாரிடமோ பேசுவதுபோல, "இடது கையை உதறிக்கிட்டே இருப்பா. துணியைப் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போச்சுன்னா. நான் தைலம் தேய்ச்சுவிட்டேன். தோள்லேர்ந்து தேய்ச்சுவிட்டேன் பெரியக்கா. எனக்குத் தெரியல."

"அவ உன்னைப் பத்தி..."

"வேணாம். அவ என்ன சொன்னான்னு நீங்க எனக்குச் சொல்ல வேணாம்."

எழுந்து வாசல்வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஷுவாங் அழவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள். "நேத்து அப்பா அந்த ஆளைத் தள்ளும்போது நீங்க அங்கதான் இருந்தீங்க."

"இருந்தேன்."

"காகிதம் போட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"நான் உங்களைப் பாத்துத்தான் கேட்டேன். இல்லையா பெரியம்மான்னு."

ஒலிபெருக்கி சூபிங்கின் பெயரைக் கூப்பிட்டது.

சாம்பல் பெட்டியைச் சிவப்புத் துணியில் சுற்றி ஷுவாங்கின் கையில் கொடுத்தார்கள். வெயில் படக்கூடாது, தாய்வீட்டு ஆள் யாராவது பிடியுங்கள் என்று சடங்கு நடத்துகிற ஆள் ஒரு கறுப்புக் குடையை நீட்டினான். சூபிங்குக்குத் தாய்வீடு என்று குய்ரோங்தான் மிச்சம். தேமிங் அந்தக் குடையைப் பார்த்தான். வேண்டாமென்றும் சொல்லவில்லை, வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை. குய்ரோங் வாங்கி விரித்தாள்.

ஷுவாங் வேகமாக நடந்தாள். குய்ரோங் குடையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள். நிழல் பெட்டியைவிட்டு நழுவுவதும், மறுபடி வந்து சேர்வதுமாக இருந்தது. வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் ஷுவாங் பெட்டியோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தேமிங் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

கதவு திறந்தே இருந்தது; ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். குய்ரோங் குடையை மடக்கினாள். மழையில் நனைந்த குடைபோல அதை ஒரு தடவை உதறினாள். பிறகு இன்னொரு தடவை உதறினாள்.